வெள்ளிக்கிழமை வந்த புகைக்கூண்டுக்காரர்

1

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றுவரை எனக்குத் திடமாகத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நான் தமிழில் எழுதியதெல்லாம் என் தங்கைக்குப் போடும் கடுதாசி மட்டும். எல்லாரும் சுகம், அங்கே மழை உண்டா என்பதற்கு மேலே அதில் ஒன்றும் இருக்காது. அச்சுக் கோர்க்கிறவர் என் பிழைகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நம் ஊர்ச் சபைப் பத்திரிகைக்குச் சீமை வாழ்க்கையைப் பற்றி எழுது என்று வாத்தியார் ஐயா இரண்டு தடவை கேட்டுவிட்டார். பனி பெய்கிற அழகை எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன மாதம் வீட்டில் நடந்ததைத் தவிர வேறொன்றும் பேனாவில் வரவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா என்று தெரியாது. ஆனால் இங்கே சொல்லிக்கொள்ள எனக்கு ஆள் கிடையாது.

2

நான் இங்கே வந்த கதை சிலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டிலாகா துரை பங்களாவில் குசினிக்காரனாக இருந்தேன். துரை வேலை முடிந்து ஊர் திரும்பும்போது என் மிளகுத்தண்ணியை விட மனசில்லாமல் என்னையும் கூட்டி வந்தார். என் வீட்டுக்காரி மரகதமும் எட்டு வயசு மகள் எஸ்தரும் கூட வந்தார்கள். நாலு வருஷத்தில் துரை இறந்துபோனார். துரைசாணி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான் வடக்கே இந்த மில் ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சேர்ந்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் அவித்த உருளைக்கிழங்கு, சாயங்காலம் மறுபடியும் கஞ்சி. மிளகைப் பார்த்தே இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பயப்படுவார்கள்.

குடியிருப்பது வாடகை வீடு. ஒரே சுவரில் முப்பது வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதில் கடைசி வீடு எங்களுடையது.

புகைக்கூண்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சிம்னி என்றதும் நம் ஊரில் அரிக்கேன் விளக்குக் கண்ணாடிதான் ஞாபகத்துக்கு வரும். சாம்பலைத் தொட்டுத் துணியால் துடைத்தால் அதன் வேலை முடிந்தது. இந்தச் சிம்னி அப்படியல்ல. கூடத்துச் சுவரில் அடுப்பு போல ஒரு பொந்து, அதுதான் கணப்பு. அதில் நிலக்கரி போட்டு எரித்துக் குளிர் காய வேண்டும். புகை சுவருக்குள்ளேயே கிணறு மாதிரி ஒரு குழாய் வழியாக ஏறிக் கூரைக்கு மேலே போகும். நம் வீடுகளில் புகை ஓட்டு இடுக்கு வழியாக அதுவாகப் போய்விடும், உத்தரத்தில் ஒட்டடை தொங்கும், பொங்கலுக்கு முன்னால் ஒரு கம்பு எடுத்து அடித்துவிடுவோம். இங்கே அடிக்காமல் விட்டால் குழாய் உள்ளே கரி விரல் கனத்துக்குப் படியும். ஒரு நாள் அந்தக் கரியே தீப்பிடிக்கும். போன வருஷம் எதிர்வரிசையில் ஒரு வீட்டில் அப்படிப் பிடித்தது. கூரைக்கு மேலே வாணம் விட்டது போல நெருப்பு போயிற்று.

அதனால் குளிர்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு குடித்தனக்காரரும் ஆள் வைத்துக் கூண்டைத் துடைத்து, துடைத்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டை வீட்டுக்காரரின் குமாஸ்தாவிடம் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம் என்று வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் நான் கெட்டிக்காரத்தனமாக ஒட்டடை அடிக்கிற மாதிரி நானே அடிக்கப் பார்த்தேன். துணி காயப்போடும் கம்புகள் இரண்டைக் கயிற்றால் கட்டி, நுனியில் விளக்குமாற்றைச் சொருகி மேலே விட்டேன். விளக்குமாறு மேலேயே தங்கிவிட்டது. கம்பு மட்டும் திரும்பி வந்தது. கூடவே ஒரு கூடைக் கரி என் தலையில் கொட்டியது. எஸ்தருக்கு அப்போது பன்னிரண்டு வயசு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, ஒங்கப்பா கரிவேசம் கட்டிட்டு நிக்காரு பாரு" என்று மரகதமும் சிரித்தாள். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த நாட்களை எண்ணிவிடலாம். குமாஸ்தா ஆள் அனுப்பி விளக்குமாற்றை எடுத்தார். பொறவு வருஷா வருஷம் ஒரு கிழவர்தான் வந்து துடைத்துப் போவார். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் வருவார், மரகதம் கதவைத் திறந்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் அந்தக் கிழவர் வேலையை விட்டுவிட்டார். வேறு ஆளைத் தேடிக் கேட்க எனக்குக் கூச்சம். நாளைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று புரட்டாசி முழுவதும் போய்விட்டது.

3

எஸ்தருக்கு இப்போது இருபது வயசு. துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் அவள் அம்மா பிறந்த சுந்தரபாண்டியத்துத் தமிழ் அப்படியே வரும்.

ரயில் ஷெட்டில் வேலை செய்யும் ஆர்தர் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஆவணியில் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். நல்ல பையன்தான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மாவும், அம்மாவின் அண்ணன் ஒருவரும் சேர்ந்து வளர்த்தார்கள். தாய்மாமன் என்றதும் மரகதத்துக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

"மாமன் வளத்த பிள்ளைன்னா மரியாத தெரியும். அவிய என்ன தொழில் பாக்காக?" என்று கேட்டாள்.

"சொந்தத் தொழில்" என்றாள் எஸ்தர். அதற்கு மேலே சொல்லவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை அவர்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருவதாக ஏற்பாடு. எங்களுக்கு அதுதான் பெண் பார்க்க வருகிற நாள். புதன்கிழமை எஸ்தர், "வெள்ளிக்கிழமை காலையில சிம்னி துடைக்க ஆள் வரும். ஆர்தர் சொல்லி வச்சிருக்கான்" என்றாள். எனக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மரகதம்தான் சட்டென்று நிமிர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமையா? வெள்ளியும் செவ்வாயும் எவளாவது ஒட்டட அடிப்பாளா? அதும் மறுநா ஒன்னயப் பாக்க வாற வீட்டுல?"

"அம்மா, இது இங்கிலாந்து."

"எந்த லாந்தா இருந்தா என்னட்டி? மொத நா விளக்கமாறும் கரியும் வாசல்ல வந்து நின்னா வெளங்குமா?"

"நாம கிறிஸ்தவங்கம்மா. ஒங்க வெள்ளிக்கிழமைய அங்கனயே விட்டுட்டு வந்துருக்கணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்துத் தலையாட்டினேன். பிறகு மரகதத்தைப் பார்த்தும் தலையாட்டினேன். என் சுபாவம் அது. எதிரில் இருப்பவர் முகம் வாடினால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

4

வெள்ளிக்கிழமை எனக்கு மத்தியான முறை. ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால், அறுபதை ஒட்டிய மனுஷர் ஒருவர் நிற்கிறார். தலைத்தொப்பி முதல் பூட்ஸ் வரை கரி. தோளில் பிரம்புக் கழிகளின் கட்டு, கையில் வட்டமான பெரிய தூரிகை. வெளியே தூறல். கரி முகத்தில் பல் தெரியச் சிரித்து, என் பெயரை, யேசுவடியான் என்ற முழுப் பெயரையும், தட்டுத்தடுமாறிச் சொல்லிக் கையை நீட்டினார்.

என் கை எழும்பவில்லை.

உள்ளேயிருந்து மரகதம், "ஏங்க, முன்வாசல் வழியா விட்டுறாதிய! இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுங்க, திங்கக்கிழம வரட்டும்" என்றாள்.

"இன்றைக்கு இல்லை" என்றேன் இங்கிலீஷில். திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். வாயில் வந்தது, "பின்பக்கம், பின்பக்கம்" என்பதுதான். அவரும் தலையை அசைத்துவிட்டுச் சந்து வழியாகச் சுற்றிப் பின்கட்டுக்கு வந்தார். அங்கேயும் உள்ளே விட முடியவில்லை, மரகதம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழையில் ஒரு மனுஷர் நிற்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. தேநீர் போட்டேன்.

எதில் ஊற்றிக் கொடுத்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

புதினாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் எனாமல் குவளை பின்கட்டில் கிடக்கும். விளிம்பில் எனாமல் பெயர்ந்தது. அதைக் கழுவி அதில் ஊற்றினேன். அவர் கையில் கொடுக்கவில்லை. மதில்மேல் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்றேன். கையெல்லாம் கரியாயிற்றே, அதனால்தான் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். அந்த நேரம் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

அவர் குவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நின்றுகொண்டே குடித்து முடித்தார். குழாயில் குவளையைக் கழுவி மதில்மேல் கவிழ்த்து வைத்தார். கழிகளைத் தோளில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கவிழ்த்து வைத்த விதத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அப்பாவைத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் அங்கே இருப்பீர்கள். வன்னியம்பட்டி முதல் ராஜபாளையம் வரைக்கும் கிணற்றுக் கமலைக்குத் தோல் சால் தைத்துக் கொடுத்தவர். அவர் தைத்த சாலில் இறைத்த தண்ணீரில்தான் அந்தத் தோட்டங்களெல்லாம் விளைந்தன. ராஜபாளையத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில், தெலுங்கு பேசுகிறவர்கள், மத்தியானம் அவருக்குக் கூழ் ஊற்றுவார்கள். சிரட்டையில். அது மாட்டுக்கொட்டகைக் கூரை வாரியில் சொருகியிருக்கும். அப்பா அதை எடுத்து வந்து நீட்டுவார், மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு வாய்க்காலில் கழுவி, கவிழ்த்து, அதே வாரியில் சொருகிவிட்டு வருவார். கூடப் போன எனக்கும் அதே சிரட்டைதான். ஞானஸ்நானம் வாங்கி நாலாம் வகுப்புப் படித்து, துரை பங்களாவில் பீங்கான் தட்டுகளைத் துடைத்து, கப்பல் ஏறி ஆறாயிரம் மைல் வந்தேன். வந்து, இன்னொருத்தருக்கு அதே மாதிரி வைத்தேன்.

இதை மரகதத்திடம் அன்றைக்குச் சொல்லவில்லை. "நல்லவேள போயிட்டான்" என்று அவள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

5

சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்தார்கள். மரகதம் பட்டுச் சேலை கட்டி முறுக்குச் சுட்டு வைத்திருந்தாள். எஸ்தர் கடையிலிருந்து கேக் வாங்கி வந்திருந்தாள். ஆர்தர், அவன் அம்மா, பின்னால் கறுப்புக் கோட்டும் கஞ்சி போட்ட காலருமாகத் தாய்மாமன். முகம் தேய்த்துக் குளித்ததில் சிவந்திருந்தது. கண் ஓரத்தில் மட்டும் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு.

கண் ஓரத்துக் கோட்டைப் பார்த்ததும் நேற்று வந்தவர் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

அவர் இரண்டாவது தடவையாகக் கையை நீட்டினார். "நேற்றே பார்த்துக்கொண்டோம், இல்லையா?" என்றார். கையைப் பிடித்தேன். நகக் கண்ணில் கரி இருந்தது. எஸ்தர் சிரித்துக்கொண்டே தமிழில், "எப்படிப்பா? சொல்லாம இருந்தேன்ல. மாமாதான் சொன்னாரு, மொதல்ல வேல செஞ்சு குடுத்துட்டு வாரேன், அப்பந்தான் வீட்டுக்காரங்க கூச்சப்படாமப் பழகுவாகன்னு. இங்க எல்லாம் கல்யாணத்துக்கு சிம்னிக்காரர் வந்தாலே அதிர்ஷ்டம். பொண்ணுங்க காசு குடுத்துக் கூப்பிடுவாளுக!" என்றாள். அப்புறம் கணப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத் துடைச்சாரா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் மரகதம் வந்தவர்களுக்குக் குளிருமே என்று இந்தக் குளிருக்கு முதல் தடவையாக நெருப்பை மூட்டிவிட்டாள்.

ஐந்து நிமிஷம் நன்றாக எரிந்தது. பிறகு புகை மேலே போக மனசில்லாமல் திரும்பியது. முதலில் மெல்லிசாக, அப்புறம் நெல் அவிக்கிற கொட்டகை மாதிரி கூடம் நிறைய. ஆர்தரின் அம்மா தொப்பியைக் கழற்றி விசிறினார். மரகதம் முறுக்குத் தட்டை முந்தானையால் மூடினாள். ஆர்தர் ஜன்னலைத் திறந்தான், மழை உள்ளே வந்தது. தாய்மாமன் அந்தக் கறுப்புக் கோட்டோடேயே முழங்காலில் உட்கார்ந்து, இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

"நேற்று என்னை விட்டிருந்தால் அரை மணி வேலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"ஏன் விடவில்லை?" என்று ஆர்தரின் அம்மா என்னைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை... எங்கள் ஜனங்கள்... வெள்ளிக்கிழமை செய்ய மாட்டோம்" என்றேன்.

"ஆனால் நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே?"

"எஸ்" என்றேன். வேறென்ன சொல்ல?

எஸ்தர் முகம் சிவந்து போயிற்று. பேச்சை மாற்ற, பீங்கான் கோப்பைகளில் தேநீர் ஊற்றத் தொடங்கினாள். தாய்மாமனிடம் கோப்பையை நீட்டியபோது அவர் தன் கரி படிந்த கையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இது வேண்டாம், உடைத்துவிடுவேன். நேற்றுக் குடித்த குவளையே போதும். மதில்மேல்தான் இருக்கும்" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தொனியெல்லாம் கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வராது.

எஸ்தர் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் எனாமல் குவளை. யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பக்கத்தில் உட்காரும் பெண்கள் இவள் தொட்ட தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள் ஒரு நாள். அன்றைக்கு அவளை மடியில் வைத்துத் தாத்தாவின் சிரட்டையைப் பற்றிச் சொல்லி, அப்படிச் செய்கிறவர்களுக்குத்தான் வெட்கம், நமக்கு இல்லை என்று தேற்றியவன் நான்.

அவள் கோபித்தால் தமிழில் பேசுவாள் என்று எழுதினேன். அன்றைக்கு அவள் தமிழில் பேசவில்லை. இங்கிலீஷிலும் பேசவில்லை. குவளையைக் கழுவித் துடைத்து, அதில் தனக்கு ஊற்றிக்கொண்டு குடித்தாள். தாய்மாமனுக்குப் பீங்கான் கோப்பைதான் கொடுத்தாள். அவர்கள் போகும்போது, கூடவே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆர்தரின் அம்மா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். அடுத்த நாள் ஆர்தர் வந்து அவள் பெட்டியை எடுத்துப் போனான்.

6

மரகதத்திடம் பொறவு எல்லாவற்றையும் சொன்னேன். "மாமன்னு தெரிஞ்சிருந்தா ஆரத்தியே எடுத்திருப்பேனே" என்றாள். பிறகு அவளே, "மாமனா இல்லாட்டா அப்படி வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அடுத்த வாரம் குமாஸ்தா சீட்டு கேட்டு இரண்டாவது கடுதாசி போட்டார். ஊரில் மற்றக் கூண்டுக்காரர்களுக்கெல்லாம் குளிர்காலம் வரைக்கும் வேலை நிறைந்துவிட்டது. தாய்மாமனிடம்தான் போயாக வேண்டும் என்று வந்தது. அதை ஒரு சாக்காகக் கர்த்தர் கொடுத்தார் என்றுகூட நினைத்தேன். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் குமாஸ்தாவின் கடுதாசியைப் படித்து, "திங்கட்கிழமை வருகிறேன்" என்றார். நான் "சாரி" என்றேன். ட்ராமில் ஒருவர் காலை மிதித்தாலும் அதே வார்த்தைதான் சொல்லுகிறோம். அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்று அந்தப் பாஷையில் இருக்கும். எனக்குத் தெரியவில்லை. அவர் "பரவாயில்லை" என்றார். இதைத்தான் அவர்கள் ட்ராமிலும் சொல்லுகிறார்கள்.

திங்கட்கிழமை வந்தார். மரகதமே முன்வாசல் கதவை அகலத் திறந்து, கையைக் கூப்பி உள்ளே அழைத்தாள். அவர் கணப்பின் முன் சாக்குத் துணியைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கிழிசல் வழியாகத் தூரிகையை விட்டு, பித்தளைத் திருகு வைத்த பிரம்புக் கழிகளை ஒன்றோடொன்று முடுக்கி மேலே ஏற்றினார். என்னை வெளியே அனுப்பி, தூரிகை உச்சியில் தெரிந்ததும் சத்தம் கொடுக்கச் சொன்னார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரைமேல் கறுப்பாகப் பூப்போல அது வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. இந்த ஊரில் நான் சத்தம் போட்டதே கிடையாது. அன்றைக்குப் போட்டேன். உள்ளே வந்தபோது ஒரு பறவைக் கூடும் இரண்டு வாளிக் கரியும் விழுந்து கிடந்தன. ஒரு பொட்டுக் கரி தரையில் சிந்தாமல் அள்ளினார்.

துரைசாணி எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன தங்க விளிம்புக் கோப்பையில் மரகதம் தேநீர் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"மிகவும் நன்றி, அம்மா. இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றார். சீட்டில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தார். கழிகளைத் தோளில் எடுத்துக்கொண்டார். கதவருகில் நின்று, "எஸ்தர் நன்றாக இருக்கிறாள்" என்றார். நான் தலையாட்டினேன். அவள் எப்போது வருவாள் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் சந்து திரும்பிவிட்டார்.

இப்போது கூண்டு நன்றாக இழுக்கிறது. புகை ஒரு இழைகூடத் திரும்புவதில்லை. குமாஸ்தாவும் சீட்டை வாங்கிக்கொண்டார். இந்தக் குளிர்காலத்தில் கூடத்தில் சூட்டுக்குக் குறைவில்லை. உட்காரத்தான் இரண்டே பேர்.

எஸ்தருக்கு மூன்று கடுதாசி எழுதினேன். தமிழில் எழுதினால் வாசிக்க மாட்டாள், இங்கிலீஷில் எழுதினால் நான் சொல்ல வந்தது அதில் இருக்காது. மூன்றையும் போடவில்லை. அவள் கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாள் போய் நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே யாருக்கோ துணி அளந்துகொண்டிருந்தாள். ரோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போதும். ஆஸ்பத்திரியில் கஞ்சிக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இந்த மாதம் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். நம் ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் பெயரில்தான் பத்திரிகை அடிப்போம். இங்கேயும் அப்படித்தான் வழக்கம் என்கிறார்கள். இது ஆர்தரின் அம்மா பெயரில் அடித்திருக்கிறது. இன்று காலைத் தபாலில், என் பெயரும் மரகதத்தின் பெயரும் மேலே எழுதி, மற்றவர்களுக்கு வருகிற மாதிரியே எங்களுக்கும் ஒன்று வந்தது. வருவீர்களா என்று பதில் எழுதக் கூடவே ஒரு சின்ன அட்டையும் இருக்கிறது. மரகதம் அதை இரண்டு தடவை கையில் எடுத்துப் பார்த்து, "எழுதுங்க, வாரோம்னு எழுதுங்க" என்கிறாள். எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த அட்டையில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. அதனால் இதை எழுதினேன்.

1938-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி, திங்கட்கிழமை.